களைப்பை மறைக்கும் கோப்பி

 

இதனை வாசிக்கும்போது உங்கள் கையில் ஒரு கோப்பை கோப்பி இருந்தால் அதைக் கீழே வைத்துவிட வேண்டாம். குடித்துக்கொண்டே வாசியுங்கள். கோப்பியை அடியோடு விடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. இது இன்றைக்கு எத்தனையாவது கோப்பை என்று மட்டும் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள்.

என் தங்கையிடம் ஒரு வைத்தியர் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவள் மூன்று பிள்ளைகளின் தாய். "நானா, கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குது, தலை சுத்துது" என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலைக் களைப்பு என்று நாங்களும் விட்டுவிட்டோம். ஒருநாள் சமையலறையில் மயங்கி விழுந்த பிறகுதான் இரத்தம் சோதித்தோம். ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமாவது இருக்க வேண்டும். அவளுக்கு இருந்தது 8.

வைத்தியரின் கேள்விக்கு அவள் விரல் விட்டு எண்ணினாள். சுபஹுக்கு எழும்பியதும் ஒன்று. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு ஒன்று. காலைச் சாப்பாட்டுக்குப் பதிலும் அதுதான். அடுப்படியில் நிற்கும்போது ஒன்று. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பின் மிஞ்சிய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அந்தக் கை காய முன்னர் ஒன்று. அஸருக்குப் பின் ஒன்று. இரவில் உடுப்பு மடிக்கும்போது இன்னொன்று. ஆக ஆறு!

"கோப்பி குடித்தால்தான் எனக்கு உசார் வருது டொக்டர்" என்றாள். அவர் சிரித்துவிட்டு, "அது உசார் தரவில்லை தங்கச்சி, உங்கள் களைப்பை மறைக்கிறது" என்றார்.

சகோதரிகளே, இந்த ஒரு வசனத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். நாம் விழித்திருந்து வேலை செய்யச் செய்ய, மூளையில் அடினோசின் என்ற ஒரு பொருள் சேர்கிறது. 'போதும், ஓய்வெடு' என்று உடலுக்குச் சொல்வது அதுதான். கோப்பியிலுள்ள கஃபீன் அந்தச் செய்தி போய்ச் சேர முடியாமல் வழியை அடைத்துவிடுகிறது. களைப்பு அப்படியே இருக்கிறது. நமக்குத் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான்.

என் தங்கையின் களைப்புக்குக் காரணம் குருதிச்சோகை. கோப்பி மட்டும் அதனைக் கொண்டுவரவில்லை. அதிக மாதவிடாய், அடுத்தடுத்த பிரசவங்கள், சத்துக் குறைந்த சாப்பாடு எல்லாம் சேர்ந்த விளைவு அது. ஆனால் கோப்பி அதனை வளர்த்தது, மறைத்தும் வைத்தது. 1983ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், சாப்பாட்டோடு ஒரு கோப்பை கோப்பி குடித்தபோது உடல் உறிஞ்சிய இரும்புச்சத்து 39 வீதம் குறைந்தது. தேநீர் குடித்தபோது 64 வீதம் குறைந்தது! சாப்பிட்டு ஒரு மணி நேரத்தின் பின் குடித்த கோப்பியும் அதே அளவு தடுத்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னர் குடித்ததோ தடுக்கவில்லை. எனவே "நான் கோப்பி தொடுவதேயில்லை, பிளேன்டீ மட்டும்தான்" என்பவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அப்படியானால் எவ்வளவு குடிக்கலாம்? சுகதேகியான ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் கஃபீன் வரை பாதகமில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை 2015இல் கூறியது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் அது 200 மட்டுமே. கடும் கோப்பி ஒரு கோப்பையில் ஏறக்குறைய 80 முதல் 100 மில்லிகிராமும், தேநீரில் 40 முதல் 50 மில்லிகிராமும் இருக்கும். கர்ப்பிணியின் உடலிலிருந்து கஃபீன் மிக மெதுவாகவே வெளியேறும். அது கருவிலுள்ள குழந்தையையும் சென்றடையும். அளவு மீறினால் குழந்தை நிறை குறைந்து பிறக்கும் அபாயம் உண்டு. "மசக்கைக்கு நல்லது, குடி மகள்" என்று அன்போடு கோப்பி ஊற்றிக் கொடுக்கும் மாமிமார் இதனைக் கவனிக்க வேண்டும்.

தூக்கத்தையும் பாருங்கள். குடித்த கஃபீனில் பாதி வெளியேறச் சுமார் 5 மணி நேரம் எடுக்கும். இரவு எட்டு மணிக்குக் குடித்ததில் பாதி, நடுநிசி ஒரு மணிக்கும் உடம்பில் நிற்கிறது. தூக்கம் கெட, விடியும்போது களைப்பு. களைப்புக்கு மீண்டும் கோப்பி. இந்தச் சக்கரத்துக்கு முடிவேது?

கோப்பிக்கும் நமது சமூகத்துக்குமான உறவு பழையது. 15ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டு ஸூபிகள் இரவு வணக்கங்களில் கண் விழித்திருக்க 'கஹ்வா' அருந்தினார்கள். 1511இல் மக்காவில் அதிகாரியாக இருந்த காயிர் பேக் அதற்குத் தடை விதித்தார். அந்தத் தடை நீடிக்கவில்லை. கோப்பி ஆகுமானது என்று நிறுவ அப்துல் காதிர் அல்ஜஸீரி அந்நூற்றாண்டில் ஒரு நூலே எழுதினார். கூடுமா, கூடாதா என்ற அந்த வாதம் எப்போதோ முடிந்துவிட்டது. நம்முன் இருப்பது அளவு பற்றிய கேள்வி.

ரமழானின் முதல் நாட்களில் பலரை வாட்டும் தலையிடியும் இதனோடு தொடர்புடையதே. பழகிய கஃபீன் நின்று 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலையிடி தொடங்கும். சில நாட்கள் நீடிக்கும். நோன்பின் மேல் பழி போடாமல், ஷஃபான் மாதத்திலேயே சில நாட்களுக்கு ஒரு கோப்பை வீதம் குறைத்து வாருங்கள். ஒரேயடியாக நிறுத்த வேண்டாம்.

என் தங்கை செய்தவற்றைச் சொல்கிறேன். காலையில் கோப்பிக்கு முன் சாப்பாடு. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் சென்ற பிறகே கோப்பி. அஸருக்குப் பின் கோப்பி இல்லை. வேண்டுமானால் கொத்தமல்லி, இஞ்சி அவித்த தண்ணீர். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்காமல், தேசிக்காய்த் தண்ணீரோடு எடுத்தாள். சோற்றோடு மீன், இறைச்சி, கீரை. ஆறு கோப்பை இரண்டாகியது. சில மாதங்களில் ஹீமோகுளோபின் 11ஐத் தாண்டியது.

இன்னுமொரு மாற்றமும் நடந்தது. மச்சான் இப்போது அவளை விட்டுவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை. மருந்தில் பாதி அதுதான் என்பேன். இந்தப் பக்கத்தை உங்கள் கணவன்மாருக்கும் வாசிக்கக் கொடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஆக்கிப்போடும் பெண், தன் பங்குச் சோற்றையும் தூக்கத்தையும் ஒரு கோப்பை கோப்பியில் கரைத்துக் குடித்துவிடக் கூடாது.

அடிக்கடி களைப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு இருக்கிறதா? அடுத்த கோப்பியை ஊற்றுமுன் ஒருமுறை இரத்தம் சோதித்துப் பாருங்கள்.