வாடகை வீட்டில் ஓர் அத்தி

செம்பூரில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "என்னடா, அத்தி பூத்தாற்போல் வந்திருக்கிறாய்!" என்பார். எனக்குச் சிரிப்பு வரும். அத்தி பூக்காமல் இருப்பதில்லை, நூற்றுக்கணக்கில் பூக்கிறது. பூக்கள் வெளியே தலைகாட்டாமல் காய்க்குள்ளேயே மலர்கின்றன, அவ்வளவுதான். பழம் என்று நாம் தின்பதே உள்நோக்கி மடிந்த ஒரு பூங்கொத்து. கண்ணுக்குப் படாததை இல்லை என்று முடிவு கட்டுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். "மும்பையில் செடி வளர்க்க மண் ஏது?" என்று கேட்பதும் அந்தப் பழக்கத்தின் பிள்ளைதான்.

நண்பர்களே, மண் இருக்கிறது. தாராவியின் கும்பார்வாடாவில் குயவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகச் சட்டி வனைகின்றன. அங்கே ஒரு பெரிய தொட்டி வாங்கிச் செம்மண்ணும் மணலும் மட்கிய எருவும் நிரப்பினால் தோட்டம் தயார். நமக்கு இல்லாதது மண் அன்று, துணிவு. "பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறோம், அடுத்த ஆண்டு எங்கேயோ, மரம் வைத்து யாருக்கு?" என்று மாதுங்காவிலும் கேட்கிறார்கள், தாராவியிலும் கேட்கிறார்கள். தாராவியில் அந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். அங்கே மறுசீரமைப்புக்கான வீட்டுக் கணக்கெடுப்பு 2024-இல் தொடங்கியது. யாருக்கு எங்கே வீடு என்ற கவலையில் இருப்பவரிடம் போய்த் தொட்டியைப் பற்றிப் பேசுவது கேலியாகக்கூடப் படலாம். ஆனாலும் சொல்கிறேன்: வாடகை வீட்டுக்காரனுக்கு என்றே படைத்தாற்போல் ஒரு மரம் உண்டென்றால் அது சீமையத்திதான். வீடு மாறும்போது மரத்தைத் தூக்க முடியாவிட்டால் ஒரு சாண் குச்சியை ஒடித்துக்கொண்டு போகலாம். அந்தக் குச்சி அதே மரம், அதே பழம்.

எந்த அத்தி என்பதில் குழப்பம் வேண்டா. மராத்தியர் உம்பர் என்று சொல்லி, தத்தாத்ரேயருக்கு உரியது என்று கோடரி படாமல் காப்பது நாட்டத்தி. அது வானுயரும் பெருமரம், தொட்டிக்கு ஆகாது. காஞ்சியில் 2019-இல் நாற்பது ஆண்டுகளுக்குப்பின் நீரிலிருந்து எழுந்தருளிய அத்திவரதரின் திருமேனியும் அத்தி மரத்தால் ஆனதே. நான் சொல்வது, மாதுங்கா மார்க்கெட்டில் அஞ்சீர் என்று கூடையில் அடுக்கி விற்கும் பழத்தின் மரம். புனே மாவட்டத்துப் புரந்தர் வட்டாரம் இதற்குப் பேர்போனது. 2016-இல் புரந்தர் அஞ்சீருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. மழைக்கால விளைச்சலைக் கட்டா பஹார், அதாவது புளிப்புப் பருவம், என்றும், கோடை விளைச்சலை மீட்டா பஹார் என்றும் அவ்வூரார் சொல்வர். பெயரே சுவையைச் சொல்லிவிடுகிறது. வாங்குவதானால் கோடையில் வாங்குங்கள்.

நம் சமண நண்பர்கள் அத்தியினத்துக் கனிகள் ஐந்தை விலக்குவது அவர்கள் நெறி. அதை மதிப்போம். ஆனால் நம்மவர் சிலர், "ஒவ்வொரு அஞ்சீருக்குள்ளும் ஒரு குளவி செத்துக் கிடக்கிறது" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பழத்தையே ஒதுக்குகிறார்கள். நாட்டத்திக்குக் குளவி வேண்டும். சீமையத்தியிலும் சில இனங்களுக்கு வேண்டும். புனே அஞ்சீருக்கு வேண்டியதில்லை. மகரந்தம் சேராமலே அது பழுக்கும். அதனால்தான் அதன் விதையை நட்டுப் பயனில்லை. உள்ளே கரு இராது. குச்சிதான் வழி. முருங்கைப் போத்து நட்டு வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டுமா?

ஆனால் முருங்கையைப்போல் அலட்சியமாக நட்டால் அத்தி கைவிட்டுவிடும். சென்ற ஆண்டில் முற்றி, விரல் பருமனில் இருக்கும் கிளையில் ஒரு சாணுக்குக் குறையாமல், நான்கைந்து கணுக்களோடு, அடிக்கணுவை ஒட்டி வெட்டுங்கள். பால் வடியும், தோலில் பட்டால் சிலருக்கு அரிக்கும், கழுவிவிடுங்கள். பால் உலர்ந்ததும் மூன்றில் இரண்டு பங்கு மணலுக்குள் இருக்க ஊன்றி நிழலில் வையுங்கள். ஈரம் வேண்டும், சேறு வேண்டா. தலைகீழாக நடுபவர்களும் உண்டு, கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கட்டும்.

இனிதான் சோதனை. இரண்டொரு வாரத்தில் இலை துளிர்க்கும். வேர் வந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். அது குச்சி தன் சேமிப்பைச் செலவழித்துக் காட்டும் பகட்டு. வேருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். என் முதல் குச்சியைப் பன்னிரண்டாம் நாள் பிடுங்கிப் பார்த்தேன். வேரும் இல்லை, அப்புறம் குச்சியும் இல்லை. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கத் தெரிந்த நமக்கு ஒரு குச்சிக்குக் காத்திருக்கத் தெரியவில்லை!

மும்பை மழை இதற்குப் பகை. இலையின் அடியில் துருநோய் பிடித்து ஆவணிக்குள் மரம் மொட்டையாகும். உதிர்ந்த இலைகளைத் தொட்டியிலேயே விடாமல் பொறுக்கி எறிந்தால் நோய் குறையும். மழை ஓய்ந்ததும் கவாத்துச் செய்தால் புதுக்கிளையில் காய் வரும். வெயில் பாதிநாளாவது படவேண்டும். தொட்டியை ஜன்னல் கம்பி விளிம்பில் மட்டும் வைக்காதீர்கள். கீழே நடப்பவனுக்கும் தலை ஒன்றுதான். சொசைட்டிச் செயலாளர் தண்ணீர் ஒழுகுகிறது என்று சண்டைக்கு வந்தால், அடியில் ஒரு தட்டு வைக்காதது நம் குற்றம்.

நாற்றுப் பண்ணைகளில் அயல்நாட்டுப் பெயர் சூட்டி நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறார்கள். நானும் ஒருமுறை ஏமாந்தேன். வேர்விட்டிராத குச்சிக்கு அழகான பெயர்ச்சீட்டு! கவாத்தில் வெட்டி எறியும் குச்சியை விலை கொடுத்து வாங்குவது அறிவாகுமா? அத்தி கொடுத்து வாங்கவேண்டிய பொருள். பழுத்த பழம் இரண்டு நாள்கூட நிற்காது, பறித்தபின் இனிப்பும் ஏறாது. ஆகவே கடைப்பழம் பெரும்பாலும் அரைப்பழம். முழுப்பழம் மரம் வைத்தவனுக்கும் அவன் அயலானுக்கும்தான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். புரந்தர் வட்டாரத்தில் விமான நிலையத்துக்கு ஏழு கிராமங்களின் நிலம் குறிக்கப்பட்டது. 2025-இல் அளக்க வந்தபோது உழவர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அங்கே அத்தித் தோட்டங்களும் உண்டு. தொட்டியில் வைத்த ஒரு மரம் ஒரு தோட்டத்துக்கு ஈடாகாது. ஈடாகும் என்று சொல்கிறவனை நம்பாதீர்கள். ஆனால் நிலத்தை இழப்பது என்றால் என்ன என்று தாராவித் தமிழனுக்கும் புரந்தர் மராத்தியனுக்கும் ஒருவர்க்கொருவர் விளக்கத் தேவையில்லை.

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் விருந்தினருக்குப் போர்த்தும் பொன்னாடை யார் வீட்டுப் பெட்டியில் தூங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. இவ்வாண்டு அதற்குப் பதிலாக வேர்விட்ட அத்திக் கன்று கொடுப்போம். புதிதாய்ச் சேரும் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஒரு குச்சி கொடுப்போம். விழா தைமாதத்தில் என்றால் ஐப்பசியிலேயே ஊன்றியாக வேண்டும். என் தொட்டி மரத்தைக் கவாத்துச் செய்யும்போது பதினைந்து குச்சிகள் தேறும். பெரியப்பா வீட்டுச் சமையற்கட்டில் காலி எண்ணெய் டின்களும் கிடக்கின்றன. அடியில் துளை போட ஆணியும் சுத்தியலும் கொண்டுவருவோர் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.