துணி(ந்து) பறக்கலாம்!

எங்கள் வீட்டில் மொட்டை மாடியில் துணி உலர்த்துவது என் இலாகா. (கல்யாணமானவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆகாதவர்கள் அவசரப்படாதீர்கள், உங்களுக்கும் ஒரு மாடி காத்திருக்கிறது.) 2024 அக்டோபர் முதல் வாரம், பக்கெட்டும் கிளிப்புமாக நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே வானம் கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மெரினாவில் ஏர் ஷோ, எட்டாம் தேதி தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பரேடு என்று அந்த வாரம் முழுக்க ஒத்திகை. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் ஜனங்கள் பூரா அண்ணாந்து பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டு திரிந்தார்கள்.

ரஃபேல் போனது. கண்ணால் தேடுவதற்குள் வேளச்சேரி தாண்டியிருக்கும். அப்புறம் ஒன்று வந்தது பாருங்கள்! மெதுவாக, தாழ்வாக, முனகிக்கொண்டே, பொங்கலுக்கு முதல் நாள் பெருங்களத்தூரைத் தாண்டுகிற பஸ் மாதிரி.

"டகோட்டா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மூன்றாவது மாடி சார்ஜென்ட் சார். வயது எண்பத்தேழு. அவருடைய நிஜப் பெயர் அசோசியேஷன் நோட்டில் மட்டும்தான் இருக்கிறது. 1955-ல் விமானப்படையில் சேர்ந்தவர். கையில், கிழிந்துபோன ஈஸி சேர் துணி.

நான் என் கூகுள் ஞானத்தை அவிழ்த்துவிட்டேன். "பரசுராமான்னு பேரு சார். காயலான் கடைக்குப் போக வேண்டியதை ராஜீவ் சந்திரசேகர் 2011-ல வாங்கி, இங்கிலாந்துல புதுப்பிச்சு விமானப்படைக்குக் குடுத்தார். 2018-ல இந்தியா வந்துது. அவங்கப்பா டகோட்டா பைலட்டாம்."

"அதெல்லாம் சரி தம்பி. அதோட வால்ல அசையுற பாகம் இருக்கே, அது துணி. தெரியுமா?"

"துணியா?"

"உடம்பு, ரெக்கை எல்லாம் அலுமினியம். ரட்டர், எலிவேட்டர், எய்லரான்... அசையுற இடமெல்லாம் துணி. தைச்சது." கொஞ்சம் நிறுத்தி, "நான் தைச்சது இதை இல்ல. டைகர் மாத்" என்றார்.

அவருடைய டிரேடுக்கு 'கார்ப்பென்டர் ரிக்கர்' என்று பெயராம். அதாவது தச்சரும் தையல்காரரும் கம்பி இழுத்துக் கட்டுகிறவரும் ஒருவரே. ஏனென்றால் டைகர் மாத்தில் உடம்புக்கு மட்டும்தான் இரும்புக் குழாய். இறக்கை மரம், மேலே துணி. இரண்டடுக்கு இறக்கை, நடுவே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். இங்கிலாந்தில் டி ஹாவிலேண்ட் கம்பெனியின் தயாரிப்பு. முதலில் பறந்தது 1931-ல். (நம் பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ரயிலும் அதே 1931-தான். அந்த மீட்டர் கேஜ் வண்டி 2004-ல் போய்ச் சேர்ந்துவிட்டது. டைகர் மாத்கள் உலகத்தில் பல இடங்களில் இன்னும் பறக்கின்றன.)

நம் பக்கத்துக்கு இந்த ஆசை ஒன்றும் புதிதில்லை. 1910-லேயே மவுன்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் கம்பெனியில் விமானம் ஒன்றைக் கட்டச் சொல்லி, பல்லாவரத்தில் பறந்து பார்த்திருக்கிறார். ஓட்டல் முதலாளி! இன்றைக்கு அதே பல்லாவரத்தில் நாம் சிக்னலைத் தாண்டினாலே சாதனை.

டைகர் மாத்தில் என்னவெல்லாம் கிடையாது என்று சார் ஒரு லிஸ்ட் போட்டார். பிரேக் கிடையாது. ஸ்டார்ட்டர் கிடையாது. பேட்டரியே கிடையாது. ஓர் ஆள் முன்னால் நின்று விசிறியைக் கையால் சுற்றிவிட வேண்டும். 130 குதிரைசக்தி எஞ்சின். நாலு சிலிண்டரும் தலைகீழாகத் தொங்கும். பெட்ரோல் டாங்க் மேல் இறக்கையின் நடுவில் உட்கார்ந்திருக்கும், பெட்ரோல் பழைய பைக் மாதிரி தானாகக் கீழே இறங்கும். வாத்தியார் முன் சீட், மாணவன் பின் சீட். பேசுவதற்கு ஒரு குழாய். திட்டெல்லாம் வழியில் சிந்தாமல் நேராகக் காதுக்குள் வந்து விழும்.

போனில் தேடி வீடியோ ஒன்றைக் காட்டினேன். எச்.யு. 512 என்கிற டைகர் மாத். விமானப்படை அதை இங்கிலாந்தில் புதுப்பிக்க வைத்து, 2012 அக்டோபர் 8-ம் தேதி, தன் எண்பதாவது ஆண்டு விழாவில், டெல்லி பக்கம் ஹிண்டனில் பறக்கவிட்டது. நானாக இருந்தால் பறப்பதைப் பார்ப்பேன். சார் வீடியோவை நிறுத்தி, இரண்டு விரலால் இறக்கையைப் பெரிதாக்கி, மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு கோடு கோடாகப் பார்த்தார்.

"டேப்பெல்லாம் நேரா ஒட்டியிருக்கான். கை தெரிஞ்சவன்."

பழைய விமானத்தைப் புதுப்பிப்பது என்றால் பெயின்ட் அடித்து பெட்ரோல் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். (என் பைக்குக்கு நான் செய்வது அதுதான்.) முதல் வேலை, துணியை முழுக்க உரித்துவிடுவது. உள்ளே மரச்சட்டம் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து மர விமானங்களில் பாலிலிருந்து எடுத்த கேசின் பசையைப் போட்டு ஒட்டினார்கள். பால் என்றால் ஈரத்தில் என்ன ஆகும்? கெட்டுப் போகும். வெளியே பளபளவென்று இருக்கிற இறக்கையின் உள்ளே மூட்டு விட்டுப்போயிருக்கும். சந்தேகம் வந்தால் அந்தச் சட்டம் அவுட், புதுச் சட்டம். மாற்றுகிற ஆணி, கம்பி, போல்ட் ஒவ்வொன்றுக்கும் சர்ட்டிபிகேட் வேண்டும். கடையில் அதே சைஸில் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட முடியாது.

"இப்படி எல்லாத்தையும் மாத்திட்டா அது எப்படி சார் பழைய விமானம்?" என்றேன்.

"எங்க ஊர் திருவாரூர். தேருக்குத் திருச்சி பெல் கம்பெனி இரும்புச் சக்கரமும் பிரேக்கும் போட்டுக் குடுத்தான். தியாகராஜர் இறங்கிப் போயிட்டாரா என்ன?" பிறகு அவரே, "தேருக்காவது பிரேக் உண்டு" என்று சிரித்தார்.

மரம் சரியானதும் துணி. லினன் துணியைப் போர்த்தி, அதன் மேல் 'டோப்' என்று ஒரு திரவத்தைக் கோட்டு மேல் கோட்டாகப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி இறுகும். பறையை நெருப்பில் காட்டினால் இறுகுமே, அந்த மாதிரி. விரலால் சுண்டினால் 'டம்' என்று சத்தம் வர வேண்டும். வாசனை அழுகின வாழைப்பழமும் நெயில் பாலிஷும் கலந்தது போலிருக்கும் என்றார். கல்யாணமான புதிதில் மனைவி நெயில் பாலிஷ் பூசியபோது, "ஹேங்கர் ஞாபகம் வருது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டாராம்.

"ஏன் சார் தைக்கணும்? ஒட்டினா போதாதா?"

அவர் முகம் மாறியது. அறுபத்தேழு வருஷமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த கேள்வி போல.

"ரெக்கை எப்படித் தூக்குது? காத்து கீழேருந்து தள்ளுதுன்னு நினைக்கிறே. அது கொஞ்சம்தான். மேல் பக்கம் காத்து உறிஞ்சும். எதை உறிஞ்சும்? துணியை. துணி சட்டத்தை விட்டுப் பிச்சுக்கிட்டு மேல போகப் பார்க்கும். விடாமப் பிடிச்சிருக்கிறது முடிச்சு. மூணு அங்குலத்துக்கு ஒண்ணு. விசிறிக் காத்து அடிக்கிற இடத்துல இன்னும் நெருக்கமா. இப்ப சொல்லு, விமானம் எதுல தொங்குது?"

காலி எடையே சுமார் 500 கிலோ. அதற்கு மேல் இரண்டு ஆள், பெட்ரோல். எல்லாம் மெழுகு தடவின நூலில்! அன்று முதல் என் சட்டைப் பட்டன் மேல் எனக்குத் தனி மரியாதை.

"இதுக்குப் போய் இங்கிலாந்துக்கு அனுப்பணுமா சார்? துணி தைக்க நம்ம ஊர்ல ஆள் இல்லையா?" என்று கொஞ்சம் தேசபக்தியோடு கேட்டேன். விமானத் துணியில் 'மேடபோலம்' என்று ஒரு பருத்தி ரகம் உண்டு. அது ஆந்திராவில் நரசாபுரம் பக்கத்துக் கிராமத்தின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் அங்கே துணி வாங்கினான். இரண்டாம் உலகப்போரில் இதே டி ஹாவிலேண்டின் மர விமானமான மஸ்கிட்டோவுக்கு மேடபோலத்தைத்தான் போர்த்தினார்கள். துணிக்குப் பெயரே நம் பக்கத்து ஊர், தைக்க மட்டும் லண்டனா?

சார் பதில் சொல்லக் கொஞ்ச நேரமானது.

"அவன் ஆயிரக்கணக்குல பண்ணான். பண்ணதை விடாம ரிப்பேர் பார்த்துக்கிட்டே இருந்தான். அதனால அங்க கை இருக்கு. எனக்கு ரெண்டே வருஷம்தான் தம்பி. 1957-ஓட டைகர் மாத் போச்சு. எச்.டி-2 வந்துது, நம்ம பெங்களூர்ல பண்ணது, முழுக்க உலோகம். ஊசியை வாங்கிக்கிட்டு ரிவெட் கன்னைக் கையில குடுத்தாங்க."

"அப்புறம் யாருக்கும் சொல்லித் தரலையா?"

"யாருக்கு? பையன் ஒரு தடவை ஆசையா கேட்டான், பத்தாவது படிக்கிறப்ப. கணக்கு டியூஷனுக்கு நேரமாச்சு போடான்னு நான்தான் துரத்தினேன்." பையன் இப்போது டெக்ஸாஸில். கணக்கு நன்றாகவே வந்துவிட்டது.

மடித்து வைத்திருந்த ஈஸி சேர் துணியைப் பிரித்தார். கட்டை நுழைகிற ஓரத் தையல் முழுக்க விட்டுப்போயிருந்தது. பையில் வளைந்த ஊசி, நூல்கண்டு, ஒரு துண்டு மெழுகு. ஊசியைக் கோக்கப் பார்த்தார். கை ஆடியது. நாலு தடவை. ஐந்தாவது தடவை என்னிடம் நீட்டிவிட்டார்.

கோத்தேன். "மெழுகுல இழு. இன்னும். ஆங். இப்படிச் சுத்தி, கீழ விட்டு, பூட்டு. ஒண்ணு அறுந்தா பக்கத்து முடிச்சு நிக்கணும், அதான் பூட்டு." அரை மணி நேரத்தில் பன்னிரண்டு முடிச்சு போட்டேன். எனக்கே பெருமையாக இருந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றையும் நகத்தால் நெம்பிப் பார்த்தார். கத்தரிக்கோலை எடுத்தார். ஏழு முடிச்சைக் கத்தரித்தார்.

"நாளைக்குக் காலைல ஆறு மணி. ஷார்ப்."

ஆபீஸில் லேட் அட்டெண்டன்ஸ் வாங்கினவனே தவிர, வாழ்க்கையில் நான் ஆறு மணிக்கு எங்கும் போனவனில்லை. போனேன். பத்து நாள். கடைசியில் பன்னிரண்டும் தேறியது. கட்டையை மாட்டி, ஈஸி சேரை பால்கனியில் விரித்தோம். மாமி காபி கொண்டுவந்து வைத்தார்.

"உட்காருங்க சார்" என்றேன்.

"தைச்சவன்தான் முதல்ல ஏறணும். அதான் ரூல்" என்று ஒதுங்கி நின்றுகொண்டார்.