படபடக்கும் நெஞ்சைப் பயம் என்று ஒதுக்காதீர்கள்



தெமோதரையில் நான் அடிக்கடி சந்திக்கும் அக்கா ஒருவரைப் பற்றி இம்மாதம் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் தவிர்த்திருக்கிறேன்.

அவர் இங்குள்ள தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1983 ஜூலை வன்செயலுக்குப் பின் பெற்றோருடன் கிளிநொச்சிக்குப் போனார். அங்கேயே திருமணமாகி, பிள்ளைகளும் பிறந்தார்கள். 2009இல் கணவரையும் மூத்த மகனையும் பறிகொடுத்து, முகாம் வாழ்க்கையும் முடிந்து, தம்பியின் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

ஒரு நாள் பாதை அகலிப்பதற்காகப் பாறைக்கு வெடி வைத்தார்கள். மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அக்கா, கூடையோடு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார். அன்று தொடங்கியது படபடப்பு.

"மிஸ், நெஞ்சு ஒரு சீரா அடிக்கல. ஓடுது, நிக்குது, மறுபடி ஓடுது" என்றார்.

மருந்தகம் ஒன்றில் காட்டியபோது நாடி ஒழுங்காக இருந்ததாம். பயந்துவிட்டீர்கள், வேறொன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். லயத்தில் சிலர் காத்துக் கறுப்பு என்று மந்திரிக்கச் சொன்னார்கள். சமூகவியல் படித்த நானோ, இது போர் தந்த மனவடு என்று முடிவு செய்து உளவளத்துணைக்கு மட்டும் நாள் குறித்துக் கொடுத்தேன். அவருடைய மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பயத்துக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு? இதயம் தன் துடிப்பைத் தானே உண்டாக்குகிறது. வலது மேலறையிலுள்ள ஒரு சிறிய முடிச்சிலிருந்து மின்துடிப்புப் புறப்படுகிறது. நரம்புகளின் தலையீடு இல்லாவிட்டால் அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை துடிக்கும். மூளையிலிருந்து இறங்கிவரும் வேகஸ் நரம்பு அதை இழுத்துப் பிடிப்பதால்தான், ஓய்வாக இருக்கும்போது பலருக்கு 60க்கும் 80க்கும் இடையில் நிற்கிறது. ஆபத்து வந்தால் பரிவு நரம்புகள் அதை விரட்டுகின்றன. சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பியும் அட்ரினலினைக் கொட்டுகிறது. ஓடித் தப்புவதற்காக உடல் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு இது. ஆகவே, படபடப்பு கற்பனையல்ல.

சில வேளைகளில் இந்த இழுபறி, துடிப்பின் வேகத்தோடு அதன் ஒழுங்கையும் குலைத்துவிடும். தெமோதரைப் புகையிரதப் பாதையைப் பார்த்திருப்பீர்கள். நிலையத்தைத் தாண்டிய வண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தால் வெளியே வரும். அதுபோல, இதயத்தின் மின்துடிப்பும் நேரே போய் முடியாமல், சுற்றி வந்து புறப்பட்ட இடத்தையே மறுபடி தூண்டுவதுண்டு. நுரையீரலிலிருந்து இரத்தம் கொண்டுவரும் நாளங்கள் இடது மேலறையில் சேரும் இடங்களில் நரம்பிழைகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கிருந்து ஒழுங்கற்ற துடிப்புகள் கிளம்பினால் மேலறைகள் சுருங்காமல் நடுங்கத் தொடங்கும். உயர் இரத்த அழுத்தம், தைரொயிட் கோளாறு, இதய வால்வு நோய் உள்ளவர்களுக்கு இது எளிதில் வரும்.

அதிர்ச்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகம் பதிவு செய்திருக்கிறது. 1994 ஜனவரி 17 அதிகாலை லொஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் நிலம் நடுங்கியது. அங்கு அதற்கு முந்திய நாட்களில் சராசரியாக ஐந்துக்கும் குறைவாக இருந்த திடீர் இதய மரணங்கள், அன்று 24 ஆயின. போர்முனைகளில் பணியாற்றிய அமெரிக்கப் படையினர் ஏறக்குறைய 10 இலட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. மனவடு உள்ளவர்களுக்கு, நான் மேலே சொன்ன மேலறை நடுக்கம் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏற்பட்டதை அது காட்டியது.

அக்காவின் கதைக்கு வருகிறேன். ஒரு மாலை பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்குப் படபடப்பு வந்தது. அப்போதுதான் நாடியைப் பிடித்தேன். இரண்டு துடிப்புகளுக்கு இடையில் ஒரே இடைவெளி இல்லை. உடனே பதுளை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனேன். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு மேலறை நடுக்கம் என்றார்கள். அந்த நிலையில் இரத்தம் மேலறையில் தேங்கி உறையலாம், உறைந்த கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரலாம் என்று வைத்தியர் விளக்கினார். இன்னும் சில மாதங்கள் கவுன்சலிங் மட்டும் போதும் என்று நான் இருந்திருந்தால்? அந்த நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

சகோதரிகளே, படபடப்புகளில் பெரும்பாலானவை ஆபத்தற்றவை. ஆனாலும் சோதித்துப் பார்க்காமல் அப்படி முடிவு செய்யாதீர்கள். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் மற்றக் கையின் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். சும்மா இருக்கும்போதே 100ஐத் தாண்டினால், அல்லது தாறுமாறாக அடித்தால், எந்த நேரத்தில் வந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது என்று எழுதிக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். போகும் நேரத்தில் நாடி சரியாகிவிட்டாலும் சொல்லத் தயங்காதீர்கள். வந்து வந்து போகும் கோளாறைப் பிடிக்க, 24 மணித்தியாலம் உடலில் பொருத்திவைக்கும் கருவி இருக்கிறது. இரத்தச்சோகை, தைரொயிட் சோதனைகளையும் கேளுங்கள்.

நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல், வாய் கோணல், கை கால் வலுவிழத்தல் இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

வெற்றிலைக் கூட்டைக் குறையுங்கள். பாக்கிலும் புகையிலையிலும் உள்ள பொருட்கள் இந்த நரம்புகளைத் தூண்டக்கூடியவை. பயம் கிளம்பும்போது மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட நீளமாக வெளியே விடுங்கள். மூச்சு வெளியேறும்போது வேகஸ் நரம்பு இதயத்தைத் தணிக்கிறது. இது ஆறுதல் தரும், ஆனால் மருந்துக்கு மாற்றாகாது. மனம் தாங்காத நேரத்தில் பேசுவதற்கு 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கம் இருக்கிறது.

அக்கா இப்போது மாத்திரையும் எடுக்கிறார், உளவளத்துணைக்கும் வருகிறார். வெடிச்சத்தம் கேட்டால் இன்றும் திடுக்கிடுகிறார்.

"முன்னயெல்லாம் எனக்குத்தான் பைத்தியம்னு நெனச்சேன் மிஸ். இப்போ கையப் புடிச்சு எண்ணிப் பாத்துக்கிறேன்" என்றார் போன வாரம்.

இந்த இதழை வாசித்து முடித்ததும் உங்கள் நாடியையும், பக்கத்து வீட்டு அம்மாவின் நாடியையும் ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.