2 ஸ்ட்ரோக் கருவிக்கு எவ்வளவு ஆயில் கலக்கணும்?

கேள்வி: ‘‘தென்னந்தோப்பில் புல் வெட்ட 2 ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் வைத்திருக்கிறேன். ஓடும்போதே நின்று, பிஸ்டன் பிடித்துக்கொண்டது. ஆயில் கலந்துதான் ஊற்றினேன். அளவு எவ்வளவு? டிராக்டர் ஆயிலைக் கலக்கலாமா?’’

- ஆனைமலை வாசகர் ஒருவர்

பதில்: டிராக்டர் ஆயில் வேண்டவே வேண்டாம். அந்த இன்ஜினில் ஆயில் அடியில் தேங்கி நின்று சுற்றிவரும். 2 ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்குத் தனி இடமே கிடையாது. பெட்ரோலோடு உள்ளே போகும் ஆயில்தான் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு, எரிந்து வெளியேறுகிறது. அப்படி எரிவதற்கென்றே தயாரிப்பது 2டி ஆயில். டிராக்டர் ஆயில் எரிந்தால் சாம்பலும் கரியும் பிஸ்டன் வளையங்களில் படிந்து இறுகிவிடும்.

அளவுக்கு, கருவியோடு வந்த கையேடுதான் முதல் சாட்சி. 25:1 என்றிருந்தால் லிட்டருக்கு 40 மில்லி; 50:1 என்றிருந்தால் 20 மில்லி. 50:1 என்பது பெரும்பாலும் எஃப்.டி. தர ஆயிலுக்கான கணக்கு. சாதாரண ஆயிலை வாங்கிக்கொண்டு அந்த அளவில் கலந்தால் இன்ஜின் தாங்காது. கையேடு தொலைந்துவிட்டால் 40 மில்லி கலப்பதே என் யோசனை. கொஞ்சம் புகை வரும், பிளக்கை அடிக்கடி துடைக்க வேண்டியிருக்கும். இன்ஜின் போவதைவிட அது மேல்.

பூச்சிமருந்தை மில்லி கணக்கில் அளக்கும் நாம், ஆயிலை மட்டும் மூடியால் குத்துமதிப்பாக ஊற்றுகிறோம். மாட்டுக்கு ஊசி போடும் 20 மில்லி சிரிஞ்சைப் புதிதாக ஒன்று வாங்கி, ஊசியை எடுத்துவிட்டு இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். டேங்கிலேயே கலக்காதீர்கள். தனி கேனில் பாதி பெட்ரோல், அதில் ஆயில், நன்றாகக் குலுக்கி, பிறகு மீதி பெட்ரோல். கேன் மேல் ‘ஆயில் கலந்தது’ என்று எழுதிவையுங்கள். வேலைக்கு வருபவர் பைக்குக்கு வைத்திருந்த வெறும் பெட்ரோலை ஊற்றிவிட்டால், சில நிமிடங்களிலேயே இன்ஜின் பிடித்துவிடும். உங்களுக்கு நடந்தது இதுவாகக்கூட இருக்கலாம், விசாரியுங்கள்.

இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுக்கும். ஆகவே, ஒரு மாதத்துக்கு மேல் கலவையை வைத்திருக்க வேண்டாம். வெட்டு முடிந்து கருவியை மூலையில் வைக்குமுன் டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டர் அடைக்காது.

ஆயில் ஊற்றத் தனி மூடி இருக்கும் 4 ஸ்ட்ரோக் கருவிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவற்றுக்கு வெறும் பெட்ரோல்தான்.

மெக்கானிக்கிடம் கொடுக்குமுன், டேங்கில் மிச்சமிருக்கும் பழைய கலவையைத் தனி பாட்டிலில் வடித்துவிடுங்கள். தென்னை அடியில் ஊற்ற வேண்டாம்.