முதல் அரையடி

கல்கால் நட்டு முள்கம்பி இழுக்கும் வேலியாயினும், திராட்சைக்கும் பாகலுக்கும் புடலைக்கும் போடுகின்ற பந்தலாயினும், குழி எடுக்கும் வேலை கடப்பாறையை விட்டு டிராக்டரின் பின்னே தொங்கும் ஆகர் என்கிற திருகுத் துளைப்பானுக்கும், பொக்லைனின் கையில் மாட்டிய ஆகருக்கும் போய்விட்டதைப் பற்றி இனி விவாதிப்பதற்கு ஒன்றுமில்லை. ஆள் கிடைப்பதே அரிதாகிவிட்ட காலத்தில் யந்திரத்தின் உதவியை வேண்டாம் என்று சொல்லும் குடியானவர் எவரும் இரார். ஆயினும், இந்தத் தொழிலில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்கள் ஒரு விஷயத்தைச் சற்று சிரத்தையுடன் யோசிக்க வேண்டியிருக்கிறது: குழிகள் வேகமாக வருகின்றன, ஆனால் கயிறு கட்டிய கோட்டில், தூக்குக்குண்டுக்கு நேராக வருகின்ற குழிகள் எத்தனை?

கடப்பாறையால் குழி எடுப்பவர் அடிக்கொரு தரம் எட்டிப் பார்க்கிறார்; ஒரு பக்கம் சரிந்திருந்தால் மறுபக்கத்தைச் செதுக்கிச் சீர்செய்துகொண்டே கீழே போகிறார். அவருடைய பிழை அவர் கையிலேயே திருத்தம் பெற்றுவிடுகிறது. ஆகருக்கு அந்த விவேகம் இல்லை. முதல் அரையடியில் அது எந்தச் சாய்வில் மண்ணைக் கவ்வியதோ அந்தச் சாய்விலேயே அடிவரை செல்ல முயல்வது அதன் சுபாவம். பாதி ஆழத்தில் அதை இழுத்து நிமிர்த்தப் பார்த்தால் குழி நிமிர்வதில்லை, வாய்தான் அகலுகிறது. ஆகவே துல்லியம் என்பது பெரும்பாலும் முனை மண்ணைத் தொடுவதற்கு முன்னரும், தொட்ட பின் முதல் அரையடி இறங்குவதற்குள்ளும் நிர்ணயமாகிவிடுகிற காரியம் என்பதே நம்முடைய உறுதியான அபிப்பிராயம்.

டிராக்டர் ஆகரில் இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது என்பதை ஓட்டுநர்களில் பலர் கவனிப்பதில்லை. ஹாரி பெர்குசனின் முயற்சியால் உருவாகி, 1939ஆம் ஆண்டு போர்டு 9என் டிராக்டருடன் பெருவாரியாகப் பரவிய மும்முனை இணைப்பு, அடிப்படையில் ஏரைத் தாங்குவதற்காக ஏற்பட்டது. அதில் மாட்டிய ஆகரின் கை நேர்க்கோட்டில் இறங்காமல், முன்பக்கத்து ஊசியை மையமாகக் கொண்டு ஒரு வட்டத்தின் பகுதியாகவே இறங்குகிறது. கையின் நீளம் ஆறடி என்றும், தோண்ட வேண்டிய ஆழம் மூன்றடி என்றும் வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். பாதி ஆழத்தில் கை தரைக்குச் சமமட்டமாக வரும்படி அமைத்திருந்தால், ஆகரின் தலை தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய இரண்டே கால் அங்குலம் பின்னுக்குப் போய், முடிவில் பழைய ஸ்தானத்துக்கே திரும்பிவிடுகிறது. சமமட்டத்திலேயே தோண்டத் தொடங்கினாலோ, மூன்றடி இறங்குவதற்குள் தலை டிராக்டரை நோக்கி ஒன்பதரை அங்குலத்துக்கு மேல் நகர்ந்துவிடுகிறது. அதே யந்திரம், அதே மண், அதே ஓட்டுநர். தொடங்கும் உயரம் ஒன்றுதான் வேறு. ஒன்பது அங்குல ஆகர் தன்னுடைய விட்டத்தின் அளவுக்கே விலகுமானால், பிறகு கல்லை எந்தப் பக்கம் முட்டுக் கொடுத்து நிறுத்தினாலும் அது கோட்டில் நிற்குமா? ஆழம் மிகும் குழிகளில் பாதியில் ஆகரை வெளியே தூக்கி, வண்டியை இரண்டொரு அங்குலம் நகர்த்தி, மறுபடியும் இறக்குவதற்கு ஆகும் நேரத்தை வீண் என்று எண்ணலாகாது.

பக்கவாட்டுச் சாய்வு இன்னொரு தினுசு. ஆகர் தொங்கும் ஊசி முன்னும் பின்னும் ஆட இடம் தருகிறதேயன்றி, பெரும்பாலான கருவிகளில் இடமும் வலமும் ஆட இடம் தருவதில்லை. வண்டியின் ஒரு சக்கரம் வரப்பின்மேல் ஏறி நின்றால் ஆகரும் அந்தச் சாய்வோடுதான் இறங்கும். சரிவான நிலத்தில் வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே நிறுத்தாமல், சரிவின் போக்கிலேயே நிறுத்தினால், ஊசியே ஆகரைத் தூக்குக்குண்டுபோல் நேராகத் தொங்கவிட்டுவிடும். ஹைட்ராலிக் லிவர்களில் பொசிஷன் லிவரைத்தான் பிரயோகிக்க வேண்டும் என்பதையும், உழவுக்கு வைத்த டிராப்ட் லிவரை அப்படியே விட்டுவிட்டு ஆகரை இறக்குவது சரியல்ல என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

பொக்லைனில் கதை வேறு. அதன் கைகள் இரண்டும் பக்கெட் சிலிண்டரும் சேர்ந்து அசைந்தால்தான் ஆகர் நேராக இறங்கும். அதற்கு ஓட்டுநரின் இரு கைகளும் ஒத்துப்போக வேண்டும். இடமும் வலமும் சாய்வதை அவர் இருக்கையிலிருந்தே கண்டுகொள்ளலாம். தன்னை நோக்கியோ தனக்கு அப்பாலோ சாய்வது அவருடைய கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அதைப் பார்ப்பதற்குப் பக்கவாட்டில், எட்டத்தில், தூக்குக்குண்டைக் கையில் பிடித்த ஓர் ஆள் நிற்க வேண்டும். தவிர, டிராக்டர் ஆகர் தன் எடையால் மட்டுமே இறங்குகிறது. பொக்லைனுக்கோ அழுத்தும் சக்தியும் உண்டு. அந்தச் சக்தியே அதன் ஆபத்து. சுக்கான் பாறையிலோ சரளையிலோ முனை தயங்கும்போது அழுத்திப் பார்ப்பது ஓட்டுநருக்குத் தோன்றுகிற முதல் உபாயம். ஆனால் அழுத்திய ஆகர் வழி கிடைத்த பக்கம் திரும்பிப் போகிறது.

அடையாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழி தோண்டும்போது முளைக்குச்சி நின்ற இடமே மறைந்துபோகிறபடியால், மையம் எங்கே இருந்தது என்று பிறகு கேட்பாரில்லை. தென்னங்கன்று நடுவோர் பயன்படுத்துகிற நடவுப் பலகை இதற்கு மிக நல்ல சாதனம்: நடுவில் ஒரு வெட்டும் இரு முனைகளிலும் ஒவ்வொரு வெட்டும் உள்ள பலகையை முளையில் பொருத்தி, முனைகளில் இரண்டு துணைக் குச்சிகளை அடித்துவிட்டால், நடு முளை போன பின்பும் மையத்தை எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம். காசு செலவில்லாத இந்த ஏற்பாட்டை வேலி போடுவோர் ஏன் கையாளுவதில்லை என்பது நமக்கு ஆச்சரியமாகவே இருக்கிறது.

வேகத்தைப் பொறுத்தவரை, ஆகரைச் சுழற்றும் டிராக்டரின் பி.டி.ஓ. தண்டுக்கு நிமிஷத்துக்கு 540 சுற்று என்பது உச்ச அளவேயன்றிக் கட்டளையல்ல. கியர்பெட்டி அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தாலும், தொடக்கத்துக்கு அதுவும் அதிகம். எஞ்சினைத் தணித்து வைத்து, நாலைந்து அங்குலம் இறக்கி, தூக்கி மண்ணை உதறி, மறுபடியும் இறக்குவதே முறை. ஈரக் கரிசலில் அவசரப்பட்டு இறக்கினால் ஆகர் திருகாணியைப் போலத் தானே உள்ளே ஏறி அகப்பட்டுக்கொள்ளும்; பல டிராக்டர்களின் பி.டி.ஓ.வுக்குப் பின்சுழற்சி கிடையாதாகையால், எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெரிய பைப் ரெஞ்சால் கையாலேயே திருப்பி எடுக்கும் சங்கடம் நேரும். ஆகர் இப்படி அகப்படும் அதிர்ச்சியில் கியர்பெட்டி உடையாதிருக்கவே தன்னைப் பலி கொடுக்கும் மெல்லிய போல்ட்டு வைத்திருக்கிறது. அது அடிக்கடி முறிகிறதென்று கடினமான போல்ட்டையோ இரும்புக் கம்பித் துண்டையோ செருகுபவர்கள் சில ரூபாயை மிச்சப்படுத்திக் கியர்பெட்டியை இழக்கிறார்கள். நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் போல்ட்டின் தலையில் வேட்டித் தலைப்போ தோள் துண்டோ மாட்டினால் இழப்பு கியர்பெட்டியோடு நில்லாது. எடை போதவில்லை என்று ஆகரின் கைமேல் ஆளை ஏற்றி நிறுத்தும் வழக்கத்தை எந்த நியாயத்தாலும் நாம் ஏற்க முடியாது.

அடிமட்டமும் கவனத்துக்குரியது. கடைசியில் சுழற்சியை நிறுத்தாமல் தூக்கினால், நாலு விரற்கடை உதிரி மண் குழிக்குள்ளேயே தங்கிவிடும். அதன்மேல் நிற்கும் கல் முதல் பெருமழையில் இறங்கி, அளந்து வைத்த தலைமட்டத்தைக் கெடுக்கும்.

இவ்வளவும் தெரிந்தவர்கள் நம் வாசகர்களில் அநேகர் இருக்கிறார்கள். தெரிந்தும் செய்யாததற்குக் காரணம், கூலி குழிக்கு இவ்வளவு என்று பேசப்படுவதே. எண்ணிக்கைக்குப் பணம் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நில உடைமையாளரின் தவறு. அந்தப் பேரத்துக்கு ஒப்புக்கொண்டு வண்டியைக் கொண்டு வருவது நம்மவர் தவறு. கயிறும் பலகையும் பிடிக்கும் ஆளின் சம்பளம், பக்கத்தில் நின்று தூக்குக்குண்டு பார்ப்பவரின் சம்பளம் ஆகிய இரண்டையும் சேர்த்தே குழி விலையைச் சொல்ல வேண்டும். கோட்டிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் விலகிய குழியை யந்திரக்காரர் தம் செலவில் மூடி மறுபடியும் எடுத்துத் தர வேண்டும் என்பதையும் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். வரும் தை மாதத்து வேலைகளுக்கு விலை பேசப் போகும் யந்திர உரிமையாளர்கள் இந்த நிபந்தனைகளைத் தாமாகவே முன்வைத்துப் பார்த்து, குடியானவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை நமக்கு எழுதுவார்களானால், அடுத்த இதழ்களில் அவற்றைப் பிரசுரிக்கச் சித்தமாக இருக்கிறோம்.