கார்டு புதிது, கேபிள் பழையது

போன ஞாயிறு காலை பசியாறிக் கொண்டிருந்தபோது ஈப்போவிலிருந்து அக்கா மகன் அழைத்தான். "மாமா, கிராபிக்ஸ் கார்டு மாத்தினேன். ஸ்கிரீன் கறுப்பாவே இருக்கு. வெள்ளிக்கிழமை புரொஜெக்ட் அனுப்பணும்."

பையன் அனிமேஷன் கடைசி ஆண்டு படிக்கிறான். பல வருடமாக அவனிடம் இருந்தது ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கார்டு. நான்கு நிமிடப் படத்தை பிளெண்டரில் ரெண்டர் செய்ய அது திணறியது. அதனால் நண்பன் பயன்படுத்திய ஆர்டிஎக்ஸ் 3060 ஒன்றை வாங்கி மாட்டியிருந்தான்.

கறுப்புத் திரைக்குக் காரணம் இரண்டே நிமிடத்தில் தெரிந்தது. கணினியின் பின்பக்கத்தை வீடியோவில் காட்டச் சொன்னேன். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லை. அதற்கு மேலே, மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் இருந்தது. சிரிக்காதீர்கள். கார்டு மாற்றிவிட்டு என்னை அழைத்தவர்களில் பலர் இதைச் செய்திருக்கிறார்கள்.

மாலையில் மறுபடியும் அழைப்பு. விண்டோஸ் திறக்கிறது, யூடியூப் ஓடுகிறது. ஆனால் ரெண்டர் தொடங்கிய பத்து விநாடியில் கணினி அணைந்து, தானே மறுபடியும் எழுகிறது. "கார்டு கெட்டதா மாமா? ஏமாத்திட்டானா?"

நண்பனைத் திட்டுவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரைவர் கோளாறு என்றால் பெரும்பாலும் திரை உறையும், கறுத்துத் திரும்பவும் வரும், ஏதாவது பிழைச் செய்தி காட்டும். உள்ளே காற்றாடி சுற்றிக்கொண்டே இருக்கும். இவனுக்கோ சுவிட்சைத் தட்டியது போல எல்லாமே ஒரே நொடியில் அடங்கின. அப்படியானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது மின்சாரத்தை. விண்டோஸ் பதிவேட்டில் 'கெர்னல் பவர் 41' என்று வந்ததை அவன் நோயின் பெயர் என்று நினைத்திருந்தான். கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை.

கணக்கைப் பார்த்தோம். 1050 டிஐ 75 வாட் கார்டு. மதர்போர்டில் அது உட்காரும் இடமே அவ்வளவு மின்சாரத்தைத் தந்துவிடும். 3060-க்கு 170 வாட் வேண்டும். தனி கேபிள் செருக வேண்டும். குறைந்தது 550 வாட் பவர் சப்ளை தேவை என்று என்விடியாவே சொல்கிறது. இவனிடம் இருந்தது 450 வாட், அதுவும் படிவம் மூன்றில் படிக்கும்போது வாங்கியது. ஆஃப்டர்பர்னர் என்ற இலவச மென்பொருளில் கார்டின் மின் வரம்பை 70 சதவீதத்துக்குக் குறைத்து ரெண்டர் செய்யச் சொன்னேன். இருபது நிமிடம் நிற்காமல் ஓடியது. நண்பன் ஏமாற்றவில்லை.

திங்கட்கிழமை 650 வாட் பவர் சப்ளை வாங்கிவிட்டு அழைத்தான். "பழைய கேபிளெல்லாம் பின்னால அழகா கட்டியிருக்கு மாமா. பாக்ஸை மட்டும் மாத்திட்டு அதையே செருகிடறேன். சரியா பொருந்துது."

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார்.

2019-இல் நான் செய்தது அதேதான். கார்டு மாற்றினேன், பவர் சப்ளையும் மாற்றினேன். கேபிள்களை உருவி மறுபடி கோக்கச் சோம்பல். பழையதையே புதுப் பெட்டியில் செருகினேன். தடங்கலே இல்லாமல் பொருந்தியது. சுவிட்சைப் போட்டதும் 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை.

கேபிளில் ஹார்ட் டிஸ்க்குப் போகும் முனை எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான். பவர் சப்ளையில் செருகும் முனைக்கு அப்படிப் பொது விதி கிடையாது. எந்த ஊசியில் எத்தனை வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் ஒரே நிறுவனத்தின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய வழியில் என் டிஸ்க்குக்கு 12 வோல்ட் போய்விட்டது.

அந்த டிஸ்க்கில் அப்பாவின் குரல் இருந்தது. தோட்டத்து வாழ்க்கையை அவர் சொல்லச் சொல்லப் பதிவு செய்த பதினோரு மணி நேரம். அவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. கணினிப் பத்தி எழுதுகிறவன் நான்!

தலைநகரில் தரவு மீட்கும் ஒரு கடையில் கொடுத்தேன். அதிக வோல்ட் வந்தால் முதலில் தான் கருகி மற்றதைக் காக்கும் சின்ன டயோடு ஒன்று டிஸ்க்கின் பலகையில் உண்டாம். அது தன் வேலையைச் செய்திருந்தது. ஆனாலும் பலகை பிழைக்கவில்லை. அதே மாடல் டிஸ்க்கின் பலகையைத் தேடிப் பிடித்து, பழையதிலிருந்த ஒரு சிப்பை அதற்கு மாற்றிப் பொருத்தினார்கள். மூன்று வாரம், 1,100 ரிங்கிட். அந்த மூன்று வாரமும் நான் அம்மாவிடம் வாயே திறக்கவில்லை.

இதைச் சொல்லி முடித்ததும் அவன் பேசாமல் பழைய கேபிள் அனைத்தையும் உருவினான். புதுப் பெட்டியோடு வந்தவற்றை மட்டும் செருகச் சொன்னேன். பிராசசருக்கும் கார்டுக்கும் போகிற எட்டு ஊசி முனைகள் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். எழுத்தைப் படித்துச் செருக வேண்டும், அழுத்தித் திணிக்கக் கூடாது. பேக்கப் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் முதல் முறை சுவிட்சைப் போட்டான். இரண்டுமே என்விடியா கார்டு என்பதால் டிரைவரைச் சுத்தமாகத் துடைக்கத் தேவைப்படவில்லை. புதிய பதிப்பை மேலேயே நிறுவினான்.

வியாழன் இரவு படம் முடிந்தது. அனுப்பிவிட்டு ஒரு குறுஞ்செய்தி போட்டான்: "மாமா, தாத்தா பேசினது எனக்கும் வேணும்."

பதினோரு மணி நேரத்தையும் அனுப்பினேன். பால்மரம் சீவப் போன முதல் நாள் கதை மூன்றாவது பதிவில் இருக்கிறது, அதை முதலில் கேள் என்றேன்.