ஊர்க் கணக்கை யார் வாசிப்பது?

உயர்தரப் பெறுபேறு வெளிவரும் நாட்களில் எமது பங்குகளில் ஒரு பேச்சுத் தவறாமல் காதில் விழும். "அவன் மற்ஸ் செய்தவன், இவள் கொமேர்ஸ்தான்" என்பார்கள். அந்தத் "தான்" என்ற இரண்டெழுத்துக்குள் எவ்வளவு ஏமாற்றம்! வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வர முடியாத பிள்ளை போய் ஒதுங்கும் திண்ணையாகவே வணிகப் பிரிவை எம்மவர்கள் எண்ணுகின்றனர். கணக்கீட்டில் திறமைச் சித்தி பெற்ற மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதா, கடையொன்றில் வேலைக்கு விடுவதா என்று யோசிக்கும் பெற்றோரும் உண்டு.

நாம் இதனோடு உடன்படவில்லை. மூன்று நான்கு முறை இடம்பெயர்ந்து, வீடும் கிணறும் ஏர் எருதும் இழந்து, மீண்டும் கமத்தைத் தொடங்கிய மக்களுக்கு (இன்னும் சொந்தக் காணிக்குத் திரும்பாதவர்களுக்கும்தான்) இன்று மிக அவசரமாகத் தேவைப்படுபவர்களுள் கணக்குப் படித்த ஒருவரும் அடங்குவார். வங்கிக்காக அல்ல, ஊருக்காக.

முதலில் வழி எங்கே என்று பார்ப்போம். 1997ஆம் ஆண்டு, ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கிய அதே ஆண்டில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் உருவானது. வன்னிப் பிள்ளைகள் ஓமந்தைக்கு அப்பால் போவதற்குப் பாஸ் எடுக்க வேண்டியிருந்த காலம் அது. 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி அவ்வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது. பம்பைமடுவில் இயங்கும் அதன் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் நிதிக்கும் கணக்கியலுக்குமெனத் தனித்துறை இருக்கின்றது. பம்பைமடு என்றதும் எம் தாய்மார் பலருக்கு 2009க்குப் பின் அங்கிருந்த பெண்களுக்கான புனர்வாழ்வு முகாமே நினைவுக்கு வரும். அந்தப் பெயரோடு வேறொரு நினைவையும் சேர்க்க இப்போது வாய்ப்பிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் முகாமைத்துவக் கற்கைகள் வணிக பீடத்திலும் கணக்கியல் கற்பிக்கப்படுகின்றது. அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்குப் பணம் அறவிடுவதில்லை. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகைக்கும் ஒதுக்கப்படுகிறது. எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கானது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வவுனியாவும் அந்த மாவட்டங்களுள் அடங்கும். ஆகவே எமது பிள்ளைக்குக் கதவு பூட்டியிருக்கவில்லை.

உள்ளே போய் என்ன படிப்பார்கள்? நிதிக் கணக்கீடு, கிரயக் கணக்கீடு, கணக்காய்வு, வரிவிதிப்பு, வணிகச் சட்டம், நிதி முகாமைத்துவம் என்று பெயர்களை அடுக்கினால் எங்கள் கமக்காரருக்கு அது கொழும்புச் சமாசாரமாகவே தோன்றும். வயலுக்கு இறக்கிப் பார்த்தால்தான் விளங்கும்.

லான்ட்மாஸ்டர் ஒன்றை 600,000 ரூபாவுக்கு வாங்கினீர்கள் என்று வைப்போம். பத்து வருடம் உழைக்கும். அப்படியானால் வருடத்துக்கு 60,000 ரூபா அந்த இயந்திரத்துக்குள் தேய்ந்து போகிறது. வருடத்துக்கு இருபது ஏக்கர் உழுதால், ஏக்கருக்கு 3,000 ரூபா. டீசலும் திருத்த வேலையும் இதற்கு வேறாக. இதனைப் பெறுமானத் தேய்வு என்பர். எமது கமக்காரர் ஆயிரத்தில் ஒருவர்கூட இதனை நெல்லின் செலவில் எழுதுவதில்லை. மனைவி நாற்று நட்ட நாட்கள், மகன் இரவில் யானைக்குக் காவல் இருந்த நாட்கள், சொந்தக் காணிக்குக் குத்தகை கொடுக்காமல் மிஞ்சியது, இவையும் எழுதப்படுவதில்லை. உரத்துக்கும் மருந்துக்கும் அறுவடை மெசினுக்கும் கையால் கொடுத்த காசு மாத்திரமே கணக்கு. கையில் மிஞ்சியதை இலாபம் என்கிறோம். பத்தாவது வருடம் லான்ட்மாஸ்டர் கிடையாகக் கிடக்கும்போது, இலாபம் எங்கே போனதென்று தெரியாமல் கடனுக்கு அலைகிறோம்.

இது ஒரு குடும்பத்தின் காரியம் மாத்திரமல்ல. 2025 பெப்ரவரியில் அரசாங்கம் நெல்லுக்கு உத்தரவாத விலை அறிவித்தது: ஒரு கிலோ நாட்டு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. போதாது என்று கமக்காரர் குரல் எழுப்பினர். நியாயமான குரலே. ஆனால் எவ்வளவு போதாது? இரணைமடுவின் கீழ் ஒரு கிலோவுக்கு என்ன செலவு, மானாவாரிக் காணியில் என்ன செலவு, முத்தையன்கட்டில் சிறுபோகத்துக்கு என்ன செலவு? திணைக்களம் தன் கையில் ஒரு கணக்கோடு வருகின்றது. எங்களவர்கள் கையில் இருப்பது கோபம். கோபத்துக்கு மேசையில் இடமில்லை என்பதல்ல. கோபத்தோடு ஒரு கொப்பியும் இருந்தால் எதிர்ப்பக்கம் பதில் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் கொப்பியை எழுதப் பழக்குவதுதான் கிரயக் கணக்கீடு.

அடுத்தது கடன். இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு தாய் 50,000 ரூபா எடுக்கிறார். மாதம் 2 வீத வட்டி, பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி மாதம் 1,000 ரூபா, வருடத்துக்கு 12,000. மொத்தம் 62,000, மாதத் தவணை ஏறத்தாழ 5,167. ஆண்டுக்கு 24 வீதம்தானே என்று கையொப்பம் வைக்கிறார். ஆனால் அவர் கையில் வருடம் முழுவதும் 50,000 இருக்கவில்லை. முதல் மாதமே கட்டத் தொடங்கிவிட்டார். ஆறாம் மாதத்தில் ஏறத்தாழ அரைவாசி முதலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசி மாதத்தில் அவரிடம் இருப்பது நாலாயிரம் சொச்சம். அதற்கும் 1,000 ரூபா வட்டி! சராசரியாகப் பார்த்தால் அவர் பாவித்தது 27,000 ரூபா அளவில்தான். அதற்கு 12,000 வட்டி என்றால் உண்மையான வட்டி ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டுகிறது. குறையும் மீதிக்கு வட்டி, குறையாத முதலுக்கு வட்டி என்ற இந்த ஒரு வேறுபாட்டை அறியாததால் எத்தனை குடும்பங்கள் ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தன என்பதை வாசகர் அறிவீர்கள்.

2018இல் அரசாங்கம், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஓர் இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களில் தவணை தவறியவற்றைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு 35 வீதம் என உச்ச வரம்பும் வந்தது. நல்லது. ஆனால், தான் ஏற்கெனவே கட்டிய காசு முதலுக்குப் போனதா வட்டிக்குப் போனதா, தண்டம் எவ்வளவு, வரம்பு தன் கடனுக்குப் பொருந்துமா என்று கேட்கத் தெரிந்தவர் ஒரு கிராமத்தில் எத்தனை பேர்? கடன் கொடுக்க வந்தவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். அவரிடம் கணக்குப் படித்தவர்கள் எழுதிக் கொடுத்த அட்டவணை இருந்தது. எங்கள் பக்கத்தில் அதனை வாசிக்க ஆள் இல்லை. சட்டம் எவ்வளவு நல்லதாயினும் அதனை வாசிக்கும் கண் ஊருக்குள் இருக்க வேண்டும்.

ஊருக்குள்ளேயே இன்னும் பல ஏடுகள் கிடக்கின்றன. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழான கமக்காரர் அமைப்பு, பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், சிக்கனக் கடன் சங்கம், மாதர் சங்கம், மரண உதவிச் சங்கம், கோவில் கட்டட நிதி, தேவாலயப் பங்குச் சபை. வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் பொருளாளர் எழுந்து கணக்கை வாசிப்பார், "சரி, முன்மொழிகிறேன்", "வழிமொழிகிறேன்" என்று இரண்டு குரல் கேட்கும், தேநீர் வரும். எவரும் களவெடுத்தார் என்று நாம் சொல்லவில்லை. பெரும்பாலான பொருளாளர்கள் தம் பொக்கற் காசையும் போட்டுச் சங்கத்தை நடத்தும் நல்ல மனிதர்கள். கேள்வி கேட்கப்படாத கணக்கு நல்ல மனிதரையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும் என்பதே எமது கவலை. ஒருமுறை சந்தேகம் விழுந்தால் சங்கம் உடையும். சங்கம் உடைந்தால் கமக்காரர் தனித்தனியாகத் தனியார் கடனுக்குப் போவார்கள். தொண்டு நிறுவனங்களும் நன்கொடையாளருக்கு ஆங்கிலத்தில் அறிக்கை அனுப்பும் அளவுக்குப் பயனாளிகளுக்குத் தமிழில் கணக்கு வாசிப்பதில்லை என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

கணக்கென்பது பணக்காரரின் வித்தை, விசுவாசிக்கு அந்நியமானது என்று சிலர் கருதுவதுண்டு. இன்று உலகமெங்கும் கற்பிக்கப்படும் இரட்டைப் பதிவு முறையை முதன்முதலில் விரிவாக விளக்கி அச்சில் தந்தவர்களுள் முதன்மையானவர் ஒரு பிரான்சிஸ்கன் துறவி, லூக்கா பசியோலி. 1494இல் வெனிஸ் நகரில் அவர் வெளியிட்ட பெரிய கணித நூலின் ஒரு பகுதி அது. முறையைக் கண்டுபிடித்தவர் அவரல்லர். வணிகர் ஏற்கெனவே கையாண்டதை மற்றவர்களும் படிக்கும்படி எழுதினார். உரத்தைக் கடனுக்கு வாங்கினால் ஒரு பக்கம் உரம் வந்தது, மறுபக்கம் கடனும் வந்தது. இரண்டையும் எழுது என்பதே அதன் சாரம். அவருக்கு முன்னரே, 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில், ஏழைகள் கடும் வட்டிக்காரரிடம் போகாதபடி பிரான்சிஸ்கன் சபையினரின் முயற்சியால் அடகுநிலையம் ஒன்று திறக்கப்பட்டது. எமது திருத்தூதர் மத்தேயுவோ வரிச் சாவடியில் ஏட்டோடு இருந்தவர்.

ஏடு என்று சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. 2025 மே மாதத்தில், போர்க்காலத்தில் வடக்கில் மீட்கப்பட்ட நகைத் தொகுதியொன்றை இராணுவம் பொலிஸாரிடம் கையளித்தது. எமது தாய்மார் கிளிநொச்சியில் அடகு வைத்த தாலிக்கொடிகளும் அதற்குள் இருக்கலாம். எது எவருடையது என்று நிறுவத் துண்டு வேண்டும், பதிவேடு வேண்டும். பதுங்குகுழியிலும் கடற்கரையிலும் கைவிட்டு வந்தவர்கள் அவற்றை எங்கே தேடுவது? எழுதியதை இரண்டு இடத்தில் வைப்பதும் கணக்கியல் கற்பிக்கும் பழக்கந்தான்.

இத்தனை சொன்னதால், இந்தப் பட்டம் எடுத்தால் வேலை மடியில் விழும் என்று எவரும் எண்ண வேண்டாம். பட்டம் பெற்று வீட்டில் இருப்போரை வன்னியில் எவரும் காணலாம். தனிப் பட்டத்தைவிடத் தொழிற்றகைமையோடு சேர்ந்த பட்டத்துக்கே மதிப்பு. 1959ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் பரீட்சைகளுக்கு, பட்டத்தில் படித்த சில பாடங்களுக்கு விலக்குக் கிடைக்கும். உயர்தரப் பரீட்சை முடிந்து அனுமதி வரும்வரை வீணே கழியும் மாதங்களில் ஏ.ஏ.ரீ. பரீட்சையைத் தொடங்கிய பிள்ளைகள் பின்னர் சிரமப்படுவது குறைவு. பல்கலைக்கழக அனுமதி கிட்டாதவருக்கு யாழ்ப்பாணத்து உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனத்தில் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா உண்டு.

பெரிய தடை ஆங்கிலம். உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளை வவுனியாவில் ஆங்கில மொழிமூல விரிவுரையில் உட்கார்ந்ததும் திகைக்கிறது. கணக்குப் புரியாமல் அல்ல, வினா புரியாமல் புள்ளியை இழக்கிறது. இந்த ஒன்றுக்குப் பங்குகள் உதவலாம். உயர்தரம் முடிந்த கையோடு ஆறு மாத ஆங்கில வகுப்பு நடத்தப் பெரிய பணம் தேவையில்லை. அடுத்த தடை தங்குமிடச் செலவும் பஸ் செலவும். மகாபொல கிடைத்தாலும் முதற் கொடுப்பனவு வரும்வரை தாய் நெல் விற்றுத்தான் அனுப்ப வேண்டும். மகளைத் தூரத்துக்கு அனுப்பப் பயப்படும் தந்தையரிடம் நாம் கேட்பது, கணவனை இழந்து குடும்பம் நடத்தும் பெண்களின் கடன் அட்டையைக் கூச்சமின்றி எடுத்துப் பார்க்கக் கூடியவர் யார் என்பதே.

படித்தவர்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்விடுவார்களே என்பர். சிலர் போவார்கள், போகட்டும், குடும்பம் நிமிரும். ஆனால் படிக்கும் அந்த நான்கு வருடங்களில் அவர்கள் எம்மிடமிருந்து போகவில்லை; விடுமுறைக்கு ஊருக்கே வருகிறார்கள். இத்துறைகளில் மாணவரைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்புவதும் வழமை. வங்கிகளிலும் கம்பனிகளிலும் பயிலும் மாணவர் சிலரையாவது கூட்டுறவுச் சங்கங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் அனுப்புமாறு சங்கங்களே எழுத்தில் கேட்க வேண்டும். மேற்பார்வைக்கு ஒரு கணக்காளர் தேவையென்பார்கள். ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர்களும் வங்கி அலுவலர்களும் எமது ஊர்களிலேயே இருக்கின்றார்கள்.

அதற்குச் சங்கங்கள் தம் ஏட்டைத் திறந்து கொடுக்க வேண்டும். "நேற்றுப் பிறந்த பிள்ளை எங்கள் கணக்கைப் பார்ப்பதா" என்று கேட்கும் தலைவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். அண்ணாமாரே, அந்தப் பிள்ளையின் பரீட்சைக் கட்டணத்துக்குச் சங்கம் கைகொடுத்திருக்கலாம். நிவாரண அரிசி தின்று வளர்ந்த பிள்ளையாகவும் இருக்கலாம். காலபோக அறுவடை முடிந்து கடன் கட்டும் மாதத்தில், விடுமுறைக்கு வந்திருக்கும் மாணவி ஒருத்தியை ஒரு பின்னேரம் சங்க மண்டபத்தில் இருத்துங்கள். பெண்கள் தம் கடன் அட்டைகளைக் கொண்டுவரட்டும். மேசை, கல்குலேற்றர், ஒற்றைறூள் கொப்பி. மின்சாரம் நின்றால் ஒரு லாம்பும் எடுத்து வையுங்கள். ஒரு அட்டைக்கு அரை மணித்தியாலமாவது செல்லும்.